பழகிய கைக்கும் பயிற்சி வேண்டும்

ஒரு காலத்தில் நம் கிராமங்களில் மாட்டு வண்டி செய்துவந்த வேலைகளிற் பெரும்பகுதியை இன்று மோட்டார் சைக்கிள் செய்து வருகின்றது. விடியற்காலையில் பால் கேன்களைக் கூட்டுறவுச் சங்கத்திற் கொண்டு சேர்ப்பதும், உர மூட்டையை வயலுக்கு ஏற்றிச் செல்வதும், கத்தரிக்காயையும் மல்லிகைப் பூவையும் சந்தைக்கு எடுத்துச் செல்வதும், நோயுற்ற தாயை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்வதும் இவ்வாகனமே. இதனை இருபது, முப்பது ஆண்டுகளாக ஓட்டிப் பழகியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் பலர் உளர். அத்தகைய அனுபவசாலி ஒருவரை அணுகி, "மோட்டார் சைக்கிளைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கு ஒருநாள் பயிற்சி நடைபெறவிருக்கிறது, தாங்களும் வந்து கலந்துகொள்ள வேண்டும்" என்று சொன்னால், அவர் நகைப்பார். "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்று கேட்பார்.

அவர் கேட்கும் கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆயினும், நீண்ட நாள் ஓட்டியவருக்கே இப்பயிற்சி மிகவும் வேண்டற்பாலது என்பதையும், அப்பயிற்சியில் கற்பிக்கப்படுவன யாவை என்பதையும், ஒரு பஞ்சாயத்து இதன்பொருட்டுச் செய்யக்கூடியது யாது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நாம் இழப்பது எவ்வளவு?

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நேர்ந்த விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களிற் சென்றவர்கள். இந்த மரணங்கள் பட்டணத்து நெரிசலில் நேர்ந்தவை என்று நாம் எண்ணிவிடலாகாது. நூற்றுக்கு 68 அளவில், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவை, கிராமப் பகுதிகளில் நேர்ந்தவை. தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் 17,884 பேரை இழந்தோம்.

ஒரு விவசாயக் குடும்பத்தில் இத்தகைய சாவு நேர்ந்தால் அதன் விளைவு அன்றோடு முடிவதில்லை. நாற்று நட்ட வயல் நீர் பாய்ச்ச ஆளின்றி நிற்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் விதவையின் தலைமேல் வந்து விழும். பள்ளி செல்லும் மகன் புத்தகத்தை வைத்துவிட்டுக் கூலிக்குப் போவான். உயிர் பிழைத்துக் கால் முறிந்து கிடப்பவரின் நிலையும் இதனினும் பெரிதும் வேறன்று. வைத்தியச் செலவுக்காகக் கறவை மாடுகளை விற்ற குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே, வாய்க்காலைத் தூர்வாருவது போலவும் குடிநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்வது போலவும் இதுவும் கிராம நலத்தைச் சார்ந்ததொரு காரியமேயாகும்.

அனுபவம் வேறு, கல்வி வேறு

அனுபவம் என்பது பெருஞ்செல்வம். அதனைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. ஆனால், ஒரு செயலைப் பன்முறை செய்வதனால் அது எளிதாகின்றதேயன்றிச் சரியாகிவிடுவதில்லை. தவறான முறையொன்றை இருபது ஆண்டு செய்தால், அத்தவறு இருபது ஆண்டு வேரூன்றியதாகும்.

விவசாய அன்பர்களுக்கு இதனை விளக்க வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக நெல் நட்டவர்கள்தாம் நம்மவர். ஆயினும் திருந்திய நெல் சாகுபடி முறை வந்தபோது, பதினான்கு நாள் வயதுள்ள இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட வேண்டும் என்றனர். முப்பது நாள் நாற்றைக் கொத்தாக நட்டுப் பழகிய கைக்கு அது விந்தையாகவே இருந்தது. கற்றுக்கொண்டவர்களோ, விதையிலும் நீரிலும் மிச்சம் கண்டனர். அவர்களை ஒருவரும் 'நடவு தெரியாதவர்' என்று சொல்லவில்லை. நன்றாகத் தெரிந்தவர்களே மேலும் திருத்தமாகச் செய்யக் கற்றனர். மோட்டார் சைக்கிள் விஷயமும் இத்தகையதே.

நம்முள் பெரும்பாலோர் இவ்வாகனத்தை ஓட்டக் கற்றது எவ்வாறு? தந்தையிடமோ, தமையனிடமோ, நண்பரிடமோ, ஏரிக்கரையில் ஒருநாள் மாலையிற் கற்றோம். பின்னர் லைசென்ஸ் பெறுவதற்காக 'எட்டு' போட்டுக் காட்டினோம். எட்டுப் போடுதல் மெதுவான வேகத்தில் வண்டி சாயாமல் நிற்கும் திறமையைச் சோதிப்பது. அது நல்ல சோதனையே. ஆனால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்போது கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தால் எவ்வாறு நிறுத்துவது என்பதனை அது கற்பிப்பதுமில்லை, சோதிப்பதுமில்லை. அவ்வித்தையை நாம் எவரிடமும் கற்கவில்லை. நல்ல வேளையாக, அது தேவைப்படும் தருணமும் பல ஆண்டுகளாக வரவில்லை. அந்த நல்ல வேளையைத்தான் நாம் அனுபவம் என்று கருதிவிடுகின்றோம்.

ஒரு பழைய ஆராய்ச்சி கூறும் உண்மை

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பாரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தனர். 900க்கு மேற்பட்ட விபத்துகளை நேரிலேயே சென்று பார்வையிட்டு, 3,600 போலீஸ் அறிக்கைகளையும் ஒப்புநோக்கி, 1981ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அந்நாட்டுச் சாலைகளும் வாகனங்களும் நம்முடையவற்றினின்று வேறுபட்டவை. எனினும், அவர்கள் கண்ட சில உண்மைகள் எந்நாட்டு ஓட்டுநருக்கும் பொருந்துவன.

முதலாவதாக, விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். இரண்டாவதாக, ஆபத்து தோன்றிய கணத்திலிருந்து மோதும் கணம் வரை ஓட்டுநருக்குப் பெரும்பாலும் கிடைத்த அவகாசம் இரண்டு விநாடிக்கும் குறைவு. மூன்றாவதாக, அந்த இரண்டு விநாடியில் அவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டனர். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வண்டியை வளைத்து ஒதுக்கும் திறமை ஏறக்குறைய இல்லாமலே இருந்தது. நான்காவதாக, அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர், பொதுவாக ஓட்டுவதில் ஏறத்தாழ மூன்றாண்டு பழகியிருந்தபோதிலும், விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாதங்கூடப் பழகாதவர்கள்.

இந்த நான்காவது உண்மையை நம் அன்பர்கள் சிறப்பாக மனத்திற்கொள்ளல் வேண்டும். பழைய வண்டியை விற்றுப் புது வண்டி வாங்கும் அனுபவசாலி, அப்புது வண்டியைப் பொறுத்தமட்டில் மாணவரே. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், 125 சி.சி. வரையுள்ளவற்றில் அவ்வமைப்போ அல்லது ஒரு பிரேக்கை இயக்கினால் இரண்டு சக்கரங்களும் பிடிக்கும் இணைப்புப் பிரேக்கோ இருத்தல் வேண்டும் என்பது சட்டம். பழைய வண்டியில் இவையில்லை. ஏ.பி.எஸ். உள்ள சக்கரத்தின் பிரேக்கை ஆபத்தில் விடாமல் அழுத்திப் பிடிக்கலாம். அது இல்லாத வண்டியிலோ சிறிது சிறிதாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். தம் வண்டியில் இருப்பது எது என்றே அறியாமல் ஓட்டுவோர் நம்மிடையே பலர்.

பயிற்சியின் முதற் பகுதி: வண்டியும் உடையும்

மேல்நாடுகளில் அனுபவமுள்ளோருக்கென்றே தனிப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. அவரவர் தம் சொந்த வண்டியுடன் வந்து ஒருநாள் முழுதும் திடலிற் பயிலுவர். நம் நாட்டிலும் சில வாகனக் கம்பெனிகள் பயிற்சித் திடல்களை நடத்தி வருகின்றன. எங்கு நடைபெறினும் பாடத்தின் முறை ஏறக்குறைய ஒன்றே.

முதலில் வண்டியைச் சோதித்தல். டயரில் காற்று சரியாக உள்ளதா, பட்டை தேய்ந்துள்ளதா, பிரேக் பிடி தளர்ந்துள்ளதா, சங்கிலி தொய்ந்துள்ளதா, முன் விளக்கும் பின் விளக்கும் பிரேக் விளக்கும் எரிகின்றனவா, இரு பக்கக் கண்ணாடிகளும் உள்ளனவா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஏர் பூட்டுமுன் கொழுவைத் தொட்டுப் பார்ப்பவர் நம் விவசாயி. வண்டியை எடுக்குமுன் டயரைத் தொட்டுப் பார்ப்பதும் அத்தகையதே. சாலையைத் தொடும் டயரின் பரப்பு சக்கரத்துக்கு உள்ளங்கையளவுதான். அவ்விரண்டு உள்ளங்கைகளின்மேல்தான் நம் உயிர் செல்கின்றது.

அடுத்தது உடை. தலைக்கவசம் அணிந்து, தாடைக்கீழ் வாரைப் பூட்டுதல் வேண்டும். வாரைப் பூட்டாத கவசம் விழும்போது நமக்கு முன்னே தனியாகப் பறந்துவிடும். காலில் செருப்புக்குப் பதிலாக மூடிய பாதரட்சை நலம். தோளில் தொங்கும் துண்டும், சேலை முந்தானையும், துப்பட்டாவும் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் பெருந்தீங்கு நேரும். இவற்றை இடுப்பிற் செருகிக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் பகுதி: நிறுத்தும் வித்தை

பயிற்சியின் உயிர்நாடி இதுவே. ஓட்டத் தெரிந்தவர்கள் பலர். நிறுத்தத் தெரிந்தவர்கள் சிலர்.

வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன் சக்கரத்தின்மேற் சாய்கின்றது. தலையில் தண்ணீர்க் குடத்துடன் நடப்பவர் திடீரென நின்றால் நீர் முன்னோக்கிச் சிந்துவது போன்றது இது. பாரம் முன்னே சாய்வதால் முன் டயர் சாலையை நன்கு பற்றுகின்றது. பின் டயரோ இலேசாகிச் சறுக்குகின்றது. நிறுத்தும் ஆற்றலில் பத்தில் ஏழு பங்கு முன் பிரேக்கிலிருந்தே கிடைப்பதாகப் பயிற்சியாளர் கூறுவர். "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று தமையன் சொல்லிக்கொடுத்ததை நம்பிப் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியவர், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே காலங்கழிக்கின்றார். முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடிப்பதுதான் ஆபத்து. ஈரத்துணியைப் பிழிவது போலப் படிப்படியாக இறுக்கிப் பிடித்தால் ஆபத்தில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், இரு பிரேக்குகளும் ஒருசேரப் பிடித்தல், ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ 19 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டரில் 29 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டரிலோ 53 மீட்டர் வேண்டும்; இதில் 25 மீட்டர், கை பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகின்றது என்பதே இதன் தத்துவம்.

இப்பொழுது, 60 மீட்டர் தொலைவில் எருமை ஒன்று குறுக்கே வந்து நிற்பதாகக் கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இருவரில், இரு பிரேக்குகளையும் முறைப்படி பிடித்தவர் எருமைக்கு ஏழு மீட்டருக்கு முன்பே நின்றுவிடுவார். பின் பிரேக்கை மட்டும் மிதித்தவர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்துடன் எருமையின்மேல் மோதுவார். வண்டியும் ஒன்று, சாலையும் ஒன்று; வேறுபாடு கற்றதிலும் கல்லாததிலும் உள்ளது.

திடலில் இதனைப் பயிலும்போது மணிக்கு 20 கிலோமீட்டரில் தொடங்கி, பின்னர் 30க்கு உயர்த்துவர். குறித்த கோட்டைத் தாண்டியவுடன் பிரேக் பிடித்து, வண்டி நேராக நிற்கும்வரை பிடியை விடாதிருத்தல் வேண்டும். முதல் தடவையில் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றோம், பத்தாவது தடவையில் எத்தனை அடி என்று அளந்து பார்த்தால், கற்றதன் பயன் அடிக்கணக்கில் கண்முன் தெரியும்.

மூன்றாம் பகுதி: ஒதுங்குதலும் வளைதலும்

சில வேளைகளில் நிறுத்த இடமிராது, ஒதுங்கவே வேண்டும். வேகமாகச் செல்லும் வண்டி எவ்வாறு திரும்புகின்றது என்பதை நெடுநாள் ஓட்டியவர்களும் சிந்தித்திருக்கமாட்டார்கள். மெதுவாகச் செல்லும்போது கைப்பிடியைத் திருப்பிய பக்கம் வண்டி திரும்பும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலோ, வலக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்தினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து வலப்பக்கமே செல்லும். இடக் கைப்பிடியை அழுத்தினால் இடப்பக்கம் செல்லும். நம் உடல் இதனைத் தானாகவே ஓரளவு செய்து வருகின்றது. ஆனால், அறியாமற் செய்வது ஆபத்துக் காலத்தில் கைகொடாது. அச்சத்தில் கைகள் விறைத்துப்போம். அறிந்து, திடலில் முப்பது தடவை செய்தவருக்கே அது கைவரும். ஒதுங்கும்போது பிரேக் பிடித்தலாகாது. பிரேக்கை ஒதுங்குமுன் பிடிக்க வேண்டும், அல்லது ஒதுங்கி வண்டி நிமிர்ந்த பின் பிடிக்க வேண்டும். சாய்ந்திருக்கும் வண்டியில் இரண்டையும் ஒருங்கே செய்தால் டயர் சாலையை விட்டுவிடும்.

வளைவிலும் விதி இதுவே. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவின் மறுகோடியை நோக்கிக் கண்ணைச் செலுத்தி, சீரான வேகத்திற் கடத்தல் வேண்டும். கண் எங்கே செல்கின்றதோ வண்டியும் அங்கேயே செல்லும். நேராக உழவு சால் ஓட்டுபவர் கொழுவையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை; எதிர் வரப்பை நோக்குகின்றார். பள்ளத்தைக் கண்டு அஞ்சிப் பள்ளத்தையே பார்ப்பவர் பள்ளத்திலேயே விழுவார். தப்பும் வழியைப் பார்ப்பவரே தப்புவார்.

நான்காம் பகுதி: முன்கூட்டிக் காணல்

கை, கால்களின் திறமையினும் கண்ணின் திறமை பெரிது. பன்னிரண்டு விநாடி கழித்து நாம் எங்கே இருப்போமோ அவ்விடத்தைக் கண் துழாவிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்றும், முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளியேனும் வேண்டும் என்றும் பயிற்சியில் கூறுவர். முன் வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணினால், அதற்கு முன் நாம் அம்மரத்தை அடையலாகாது.

நம் கிராமச் சாலைகளில் கண் தேட வேண்டியவை தனியானவை. பின் விளக்கின்றி நிற்கும் கரும்பு டிராக்டர். வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை. திருப்பத்தில் லாரி சிந்திச் சென்ற மணல். சாலையிற் காயும் சோளமும் கேழ்வரகும். மழையில் நனைந்த வைக்கோல். புதரை ஒட்டி மேயும் ஆடுகள். சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகள். கைப்பிடிச் சுவரில்லாத சிறு பாலம். சாலையோரத்து மூடப்படாத கிணறு. ஓர் ஆடு குறுக்கே சென்றால் அதன் பின்னே இன்னோர் ஆடு வரும் என்று எதிர்பார்ப்பவரே கற்றவர். நாள்தோறும் சென்ற சாலைதானே என்ற எண்ணம் கண்ணை உறங்கவைக்கின்றது. பழகிய ஓட்டுநரின் பெரும்பகை அறியாமையன்று, அசட்டையே.

சுமையும் இங்கே கருதத்தக்கது. இருபுறமும் பால் கேன் தொங்கும் வண்டி நிற்கவும் திரும்பவும் கூடுதல் தூரம் வேண்டும். நிறையாத கேனில் பால் தளும்பி வண்டியை ஆட்டும். ஒருபுறம் மட்டும் பாரம் ஏற்றினால் வளைவில் வண்டி அப்பக்கமே இழுக்கும். பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து கைக்குழந்தையையும் ஏந்திச் செல்லும் பெண்மணிக்குப் பற்றிக்கொள்ளக் கையில்லை என்பதை ஓட்டுபவர் ஒருகணமும் மறத்தலாகாது. பயிற்சிக்கு வெறும் வண்டியோடு வருவதினும், தாம் நாள்தோறும் ஏற்றும் சுமையில் ஒரு பாதியேனும் ஏற்றிக்கொண்டு, இறுதியில் சில தடவை நிறுத்திப் பார்த்தல் மிகுந்த பயன் தரும்.

பயிற்சி கவசமன்று

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் நம் கடமை. பயிற்சி பெற்றவருக்கு விபத்து நேராது என்று எவரும் உறுதி கூறவியலாது. பயிற்சியினால் விபத்து குறைகின்றதா என்பது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளியான கோக்ரேன் மதிப்பீடு, திட்டமான முடிவு கூறுவதற்கு அவ்வாய்வுகளின் தரம் போதாது என்றே கூறியது. திடலில் நன்றாக நிறுத்தக் கற்றவர், "எனக்குத்தான் நிறுத்தத் தெரியுமே" என்று சாலையில் வேகத்தைக் கூட்டுவாரானால், கற்றதன் பயன் கெட்டது மட்டுமன்றி, கல்லாதவரினும் பெரிய ஆபத்தை அவர் தேடிக்கொள்வார். நல்ல பயிற்சியின் அடையாளம், மாலையில் வீடு திரும்பும்போது காலையில் வந்ததைவிட மெதுவாகச் செல்வதே. தம் வண்டி நிற்க எத்தனை அடி வேண்டும் என்பதை அளந்து அறிந்தவர், பிறகு குருட்டு வளைவில் விரைய மனங்கொள்ளார்.

தலைக்கவசத்தைப் பற்றியோ ஐயத்திற்கு இடமில்லை. கோக்ரேன் தொகுப்பின் மற்றொரு மதிப்பீடு, 2008ஆம் ஆண்டில், மோட்டார் சைக்கிள் விபத்தில் கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 அளவும் குறைக்கின்றது எனக் கண்டது. 2022ஆம் ஆண்டில் கவசம் அணியாமல் இந்தியாவில் உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும், பின்னே அமர்பவர் உட்பட, கவசம் அணிதல் வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்களையே விற்றல் வேண்டும் என்பதும் விதி. வயலுக்குத்தானே, அரை மைல்தானே என்று கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுச் செல்லும் வழக்கத்தை நாம் விட்டொழித்தல் வேண்டும். மது அருந்தியவருக்கோ எந்தப் பயிற்சியும் எந்தக் கவசமும் போதா.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஒரு பஞ்சாயத்து இதனைப் பெருஞ்செலவின்றி நடத்தலாம். விடுமுறை நாளில் பள்ளி விளையாட்டுத் திடலோ, அகன்ற நெற்களமோ அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம். அறுபது மீட்டர் நீளம் இருந்தால் போதும். கல்லும் மணலும் பெருக்கி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, அடையாளத்திற்குத் தேங்காய் மட்டைகளையோ காலி பிளாஸ்டிக் டப்பாக்களையோ வைக்கலாம். ஒரு தொகுதிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டா. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கோட்டுக்கு வெளியே நிற்றல் வேண்டும். பிள்ளைகளைத் திடலுக்குள் விடலாகாது. கவசமின்றி ஒருவரையும் அனுமதித்தலாகாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் நிறுத்தும் பயிற்சியையும் ஒதுங்கும் பயிற்சியையும் தாமாகச் செய்து பார்த்தல் தகாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும், காவல் நிலையத்தையும், வாகனக் கம்பெனிகளின் பயிற்சித் திடல்களையும் எழுத்து மூலம் அணுகி, ஆசிரியரை அனுப்பக் கேட்கலாம். ஜனவரித் திங்களில் சாலைப் பாதுகாப்புப் பிரசாரம் நடைபெறுவதாலும், அத்திங்கள் 26ஆம் நாள் கிராம சபை கூடுவதாலும், அக்காலம் இதற்கு மிகவும் ஏற்றது.

யார் முதலில் வருவது என்பதிலேதான் வெற்றி அடங்கியுள்ளது. இளைஞர்களை மட்டும் அழைத்தால், "பெரியவர்கள் நம்மைக் குறை கூறுகின்றனர்" என்று அவர்கள் எண்ணுவர். பஞ்சாயத்துத் தலைவரும், பால் சங்கத்துத் தலைவரும், முப்பது ஆண்டு வண்டி ஓட்டிய பெரியோரும் முதல் தொகுதியில் நின்றால், இளைஞர் தாமே பின்வருவர். பெரியவர் ஒருவர் கோட்டைத் தாண்டி நின்றதைக் கண்டு, "எனக்கும் இது தெரியவில்லை, மறுபடி செய்கிறேன்" என்று அவர் சொல்லக் கேட்பது, இளைஞருக்கு நூறு உபதேசத்திற்குச் சமமாகும். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்குத் தனித் தொகுதி அமைத்தால் அவர்கள் தயக்கமின்றி வருவர்.

ஓட்டுபவரைத் திருத்துவதோடு சாலையையும் திருத்துதல் வேண்டும். வளைவுகளில் பார்வையை மறைக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டுதல், வேகத்தடைகளுக்கு வெள்ளை பூசுதல், சாலையோரக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்புதல், சந்திப்புகளில் விளக்கு எரியச் செய்தல், டிராக்டர்களின் பின்னே ஒளிரும் பட்டை ஒட்டச் செய்தல், தானியங்களைச் சாலையிற் பரப்பாமல் களத்தில் உலர்த்த ஏற்பாடு செய்தல் ஆகியவை பஞ்சாயத்தின் கைக்கு எட்டிய காரியங்களே. நெடுஞ்சாலைத் துறையைச் சார்ந்த சாலையாயின் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டுவதையும் ஊரார் அறிந்திருத்தல் நலம். உடனே 108 எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். உதவி செய்பவர் வழக்கில் சிக்கிக்கொள்வார் என்ற அச்சம் வேண்டா. நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. விபத்துற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அளிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது.

கிராம சபையில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற மூன்றாண்டுகளில் இருசக்கர வாகன விபத்துகள் எங்கெங்கே நேர்ந்தன? ஒரே இடத்தில் பலமுறை நேர்ந்திருப்பின் காரணம் யாது?

2. நம் வண்டியில் உள்ள பிரேக் எவ்வகையைச் சேர்ந்தது? முன் பிரேக்கை நாள்தோறும் பயன்படுத்துகின்றோமா?

3. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நம் வண்டி நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? பள்ளிக்கூடத்திற்கு முன்னே எவ்வளவு வேகம் தகும்?

4. லைசென்ஸ் பெறாத சிறுவரிடம் வண்டியைக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டா? அதனைத் தடுப்பது எவ்வாறு?

5. பயிற்சிக்கு ஏற்ற திடல் எது? முதல் தொகுதியில் யார் யார் சேர்வர்?

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. சறுக்கும் வேளையில் ஊன்றிக்கொள்ளக் கற்றிருப்பதே அறிவுடைமை. முப்பது ஆண்டு ஓட்டிய அனுபவத்தோடு ஒருநாள் பாடமும் சேருமாயின் அவ்வனுபவம் முழுமை பெறும். ஒவ்வொரு பஞ்சாயத்தும் வருகின்ற கிராம சபையில் இதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஒரு திடலையும் ஒரு நாளையும் குறிக்குமாயின், மாலையில் வீடு திரும்பும் தந்தைக்காக வாசலிற் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய தொண்டுகளில் அதுவும் ஒன்றாகும்.